அண்ணாச்சி குளிக்கும் நேரம்

ராகு காலம் முடியட்டும் வாரேன்னு அண்ணாச்சி சொல்லியிருக்கார். முடியட்டும். நான் பாத்ரூம்ல பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அது மேல உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கிட்டிருக்கேன். சனிக்கிழமை லீவு நாள்ல ஒருத்தன் பண்ற வேலையா இது. கழுத்து வலிக்குது. மேல அந்த மஞ்சக் கறை முன்னாடி தட்டு அளவுக்கு இருந்துச்சு, இப்ப முறம் அளவுக்கு வந்துடுச்சு, நடுவுல சிமெண்ட் உப்பிக்கிட்டு நிக்குது, ஆனா சொட்டல. சொட்டாது. ஏன்னா அண்ணாச்சி இன்னும் குளிக்கல. விஷயமே அதுதான். மாடியில இருக்கற ஹவுஸ் ஓனர் ஆவுடையப்ப அண்ணாச்சி குளிச்சாத்தான் கீழ என் பாத்ரூம்ல சொட்டும். அவர் வீட்டம்மா கோமதியம்மா விடியறதுக்கு முன்னாடியே குளிக்கறாங்க, ஒரு சொட்டு கிடையாது, அவங்க கதவோரமா நின்னு குளிக்கறாங்க போல. அண்ணாச்சி மட்டும் மூலையில பலகை போட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்து மொண்டு மொண்டு ஊத்திக்குவாராம். அந்த மூலையிலதான் தரை விட்டிருக்கு. அவர் ஊத்தின கையோட இங்க என் தலையில டொப். வார நாள்ல பச்சை சோப்பு வாசனையோட வரும், சனிக்கிழமைன்னா நல்லெண்ணெயும் சீயக்காயுமா கொழகொழன்னு வரும். அவர் குளிச்சு, துண்டு மாத்தி, திருநீறு பூசி, தேவாரம் சொல்லி முடிச்சு இறங்கி வர்றதுக்குள்ள சொட்டு நின்னுடும். வந்து ஸ்டூல்ல ஏறி உள்ளங்கையை வச்சுப் பார்த்துட்டு, "ஒழுகுன மாதிரி தெரியலையே தம்பி, சொவரு வேர்த்திருக்கும்"ங்கறார். சொவத்துக்கு என்ன வேலை வெட்டி இருக்கு வேர்க்கறதுக்கு? ஆக, இந்த ஊர்ல இந்த ஒழுகலைப் பார்க்கவே முடியாத ஒரே மனுஷன் யாருன்னா, அதை ரிப்பேர் பண்ண வேண்டிய மனுஷன். போன்ல வீடியோ எடுத்துக் காட்டினேன். சத்தத்தோட. மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு முழுசாப் பார்த்தார். பார்த்துட்டு, "போன் நல்லா எடுக்குதே, எங்க வாங்கினீங்க?"ன்னார். நானும் கடைப் பேரைச் சொன்னேன். எனக்கெல்லாம் எதுக்குச் சொந்தமா ஒரு வாய்.

இன்னிக்குச் சொல்லிடணும். கறாராச் சொல்லிடணும். அண்ணாச்சி, இனிமே தள்ளிப் போட முடியாது. இதான் முதல் வார்த்தை. "முடியாது"ங்கற இடத்துல குரல் ஏறணும். எனக்கு ஏறாது, இறங்கும். ஆபீஸ்ல ஃபேன் போடச் சொல்றதுக்கே தொண்டையைச் செருமிக்கிட்டு நிக்கறவன் நான். தமயந்திக்கு இது தெரியும். "நீ போய்ச் சண்டை போடப்போறியா மாமா? நீ போனா அவருக்குச் சேர் எடுத்துப் போட்டுட்டு வருவ"ன்னா. போன தடவை அதைத்தான் பண்ணேன், அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் தெரியல. தமயந்தி என் பொண்டாட்டி, விருத்தாசலத்துல அவ அம்மா வீட்ல இருக்கா. ஐப்பசியில பொண்ணு பொறந்துச்சு. சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிப்போய்ப் பார்த்துட்டு ஞாயிறு ராத்திரி வரேன். ஒரு வாரம் என்னைப் பார்த்துச் சிரிக்குது, அடுத்த வாரம் போனா யாருடா இவன்னு உதட்டைப் பிதுக்குது. சொந்த அப்பன் ஒவ்வொரு வாரமும் போய் அறிமுகம் பண்ணிக்க வேண்டியிருக்கு. இது மாசி, அஞ்சாம் மாசம், தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைச்சுட்டு வர வேண்டிய மாசம், இதை விட்டா அடுத்தது சித்திரைதான். மாமியார் நாள்கூடப் பார்த்துட்டாங்க. தமயந்திதான் ஒரே பேச்சா நிக்கறா. "ஒழுகுற வீட்டுக்குப் புள்ளையத் தூக்கிட்டு வரமாட்டேன். எங்க வச்சு மாமா குளிப்பாட்டறது? எவனோ குளிச்ச அழுக்குத் தண்ணி எம்பொண்ணு உச்சியில விழணுமா?" விழும்தான். மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலுல போட்டுக் குளிப்பாட்ட இந்த பாத்ரூம்ல ஒரே இடம்தான் இருக்கு, அது இப்ப நான் பக்கெட் போட்டிருக்கற இடம். உச்சிக்குழி இன்னும் மூடல. தொட்டா பஞ்சு மாதிரி இருக்கு, உள்ள துடிக்குது, எனக்குக் கையை வைக்கவே பயம். அதுல போய் அண்ணாச்சியோட சீயக்காயா. வேற வீடு பார்க்கலாமான்னா, கைக்குழந்தையை வச்சுக்கிட்டு வீடு மாத்தக் கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. இருக்கவும் கூடாது, போகவும் கூடாதுன்னா நாங்க அந்தரத்துலயா குடித்தனம் பண்றது.

அவங்க கெட்டவங்களா இருந்தாக்கூடப் பரவாயில்ல, சட்டையைப் பிடிச்சுச் சண்டை போடலாம். நல்லவங்களா இல்ல இருக்காங்க. போன பங்குனியில முதமுதல்ல சொட்டினப்ப மாடிக்குப் போய்ச் சொன்னேன். தமயந்திக்கு அப்ப ரெண்டாம் மாசம். அண்ணாச்சி பதறிட்டார். "தம்பி, மாசமா இருக்கற புள்ள இருக்கற வீட்ல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, இடிக்கதாவது ஒண்ணாவது! புள்ள நல்லபடியாப் பொறக்கட்டும், பொறவு பாப்போம்." எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. சென்னையில எந்த ஓனருக்கு இந்த மனசு வரும்னு ஆபீஸ்ல போய்ப் பெருமை அடிச்சேன். வளைகாப்புக்கு கோமதியம்மா ஒரு டஜன் கண்ணாடி வளையல் கொண்டு வந்து தமயந்தி கையில போட்டுவிட்டு, பாத்ரூம்ல வழுக்கும் தாயி, பாத்துப் போன்னாங்க. ஏன் வழுக்குதுன்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல. பிள்ளை பொறந்துச்சு. இனிப்பு எடுத்துட்டு மாடிக்கு ஓடினேன், அண்ணாச்சி பொண்ணு பொறந்துடுச்சு, அப்படியே அந்த பாத்ரூம்னேன். கார்த்திகை மழைக்குள்ள எப்பிடித் தம்பி இடிக்கன்னார். சரின்னேன். மார்கழியில நல்ல காரியம் ஆரம்பிக்கலாமான்னார். சொட்டறதை நிறுத்தறது எப்ப நல்ல காரியம் ஆச்சுன்னு கேட்டிருக்கணும், பொங்கலுக்கு ஊருக்குப் போறீங்களான்னு கேட்டுட்டு வந்தேன். தையில கொத்தனார் ஊருக்குப் போயிட்டான். சரி, நீங்க குளிக்கறப்ப கோமதியம்மாவைக் கீழ அனுப்புங்க, அவங்களாவது கண்ணால பார்க்கட்டும்னேன். "நான் இல்லன்னா அவுகளுக்கு யாரு முதுகு தேய்க்க?"ன்னு அந்தம்மா உள்ளேர்ந்து கேட்டாங்க. நான் தேய்க்கறேன்னா சொல்ல முடியும்.

படியில செருப்புச் சத்தம். வந்துட்டார். அண்ணாச்சி இனிமே தள்ளிப் போட முடியாது. அண்ணாச்சி இனிமே தள்ளிப் போட. வாசல்ல நிக்கறார், இடுப்புல பழைய வேட்டி, தோள்ல துண்டு, தலையிலேர்ந்து நெஞ்சு வரைக்கும் நல்லெண்ணெய் மினுமினுங்குது. அடக் கடவுளே, இன்னிக்குக் குளிக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டார். கையில ஒரு தட்டு, அதுல வாழை இலைத் துண்டு, அதுல அல்வா. முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி, மொதல்ல வாயைத் தொறங்க." தொறந்தேன். வேற என்ன பண்ணுவேன். நெய் சொட்டச் சொட்ட ஒரு பெரிய துண்டை உள்ள தள்ளிட்டார். "நம்ம சங்கரி முழுகாம இருக்கா! நேத்துதான் மாப்பிள்ளை ஆவடியிலேருந்து கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. மசக்கை, சோத்தைக் கண்டா ஓடுதா. பிரசவம் வரைக்கும் இங்கனதான் இருப்பா." சங்கரி அவருக்கு ஒரே பொண்ணு. கல்யாணம் ஆகி நாலஞ்சு வருஷமா இந்தச் சேதிக்காகத் தவம் கிடந்தாங்க அண்ணாச்சியும் கோமதியம்மாவும், அந்தம்மா செவ்வாய் வெள்ளி விளக்குப் போட்டது எனக்கே தெரியும். எனக்கு நிஜமாவே சந்தோஷம் பொங்குது, அண்ணாச்சி கையைப் பிடிச்சுக் குலுக்கறேன், என் கையெல்லாம் எண்ணெய். குலுக்கிக்கிட்டிருந்த கை பாதியில நின்னுடுச்சு. ஐயோ. இருங்க. மாசமா இருக்கற பொண்ணு. இருக்கற வீடு. ஒரு ஆணிகூட. அண்ணாச்சியே சொல்லிட்டார், தலையைச் சாய்ச்சுக்கிட்டு ரொம்ப வருத்தமா, "அதான் தம்பி, நீங்களே புரிஞ்சுக்கிடுவீங்க. ஒங்க வீட்டுப் புள்ளைக்குப் பாத்த மாதிரிதானே எம் புள்ளைக்கும் பாக்கணும்? அவ பெத்து எந்திரிக்கட்டும், மறுநாளே கொத்தனாரு." பெத்து எந்திரிக்க ஐப்பசி ஆகும். அப்புறம் கார்த்திகை மழை, மார்கழி, தையில கொத்தனார் ஊருக்கு. ஐயையோ, திரும்பவும் முதல்லேர்ந்தா. என் பொண்ணு விருத்தாசலத்துலயே நடக்கப் பழகி, அங்கேயே பள்ளிக்கூடம் சேர்ந்து, யாரும்மா இந்த மாமா சனிக்கிழமையானா வராருன்னு கேக்கும். ஒழுகலைக் கேட்டவனுக்கு அல்வா கொடுத்தாங்கன்னு ஆபீஸ்ல சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். விழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

அப்பத்தான் என் வாய் பேசுச்சு. சத்தியமா நான் பேசல, வாய் பேசுச்சு, அல்வாவோட. "அண்ணாச்சி, இடிக்க வேண்டாம், சரி. ஆனா எங்க ஊர்ப் பக்கம் ஒண்ணு சொல்லுவாங்களே. மாசமா இருக்கற பொண்ணு குளிச்ச தண்ணி அடுத்தவன் தலையில விழக் கூடாதுன்னு." அப்படி ஒரு வழக்கம் எங்க ஊர்லயும் கிடையாது, வேற எந்த ஊர்லயும் கிடையாது. எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல. அண்ணாச்சி, "யாரு சொல்லுவா?"ன்னு புருவத்தைத் தூக்கறார். நான் முழிக்கறேன். போச்சு, மாட்டிக்கிட்டேன், இப்பவே மன்னிப்புக் கேட்டுடலாம். அதுக்குள்ள படி மேலேர்ந்து கோமதியம்மா குரல், "என்ன? என்ன சொன்னீங்க தம்பி? விழுந்தா என்ன ஆகும்?" விழுந்தா என்ன ஆகும்னு நான் இன்னும் யோசிக்கவே இல்ல. "அது சொல்ல மாட்டாங்கம்மா, விழக் கூடாதுன்னு மட்டும்தான் சொல்லுவாங்க." இதுக்குத்தான் அந்தம்மா மிரண்டுட்டாங்க. என்ன ஆகும்னு சொல்லியிருந்தாக்கூடப் பரிகாரம் கேட்டிருப்பாங்க. மடமடன்னு இறங்கி வந்து என் தலையைப் பார்க்கறாங்க, கூரையைப் பார்க்கறாங்க. "அதான் வேர்வைன்னு சொல்லுதேன்லா"ன்னு அண்ணாச்சி ஆரம்பிச்சார். "வேர்வையோ என்னத்தையோ! அஞ்சு வருசம் கழிச்சு வயித்துல ஒண்ணு வந்திருக்கு, என்னால ரிஸ்க் எடுக்க முடியாது. நின்னு குளிச்சா அவளுக்குத் தலை சுத்துது, அந்த மூலையில உக்காந்துதான் குளிக்கணும். ஏட்டி சங்கரி! துண்டை எடுத்துக்கிட்டுக் கீழ வா! இனிமே நீ கீழ குளி!" கீழன்னா எங்க? கீழன்னா என் பாத்ரூம். என்னை ஒரு வார்த்தை கேக்கல. ஒழுகலை நிறுத்தச் சொன்னா பாத்ரூமையே எடுத்துக்கிட்டாங்களே. இதுல நான் பக்கெட்டை வேற நிமித்திக் கழுவி வச்சுக்கிட்டிருக்கேன், மாசமா இருக்கற பொண்ணு வருதேன்னு.

நான் இப்ப என் வீட்டு வாசப்படிக்கு வெளிய நிக்கறேன். ஹால்ல என் சேர்ல கோமதியம்மா காவல் உட்கார்ந்திருக்காங்க. சங்கரி, பாவம், சோர்ந்து போய் வந்துச்சு, "சாரிண்ணா, அம்மாவைப் பத்தித் தெரியும்ல"ன்னு சிரிச்சிட்டு உள்ள போய்த் தாழ் போட்டுக்கிச்சு. அண்ணாச்சி எண்ணெய் கண்ணுல இறங்குதுன்னு மாடிக்குப் போயிட்டார். நான் சாதிச்சது என்னன்னு கணக்குப் போட்டுப் பார்க்கறேன். மனசு உள்ளுக்குள்ள தலையில அடிச்சுக்குது. போன் அடிக்குது. தமயந்தி. "என்ன மாமா, பேசினியா?" பேசினேன். "என்ன சொன்னார்?" அல்வா குடுத்தார். "விளையாடாத மாமா." நிஜமாத்தான், அவங்க பொண்ணு உண்டாயிருக்கு. அவளுக்கும் புரிஞ்சிடுச்சு. அவ பின்னாடி பிள்ளை ஆங் ஆங்னு தனக்குத்தானே என்னமோ பேசிக்கிட்டிருக்கு, நான் போனைக் காதோட அழுத்திப் பிடிச்சுக்கறேன். "அப்ப சித்திரையிலயும் கிடையாது. அப்படித்தானே?"ன்னா. குரல் அழற குரல். ஒரு வழி பண்ணிடலாம் தமயந்தி, நீ கலங்காதன்னு நான் சொல்லி வாய் மூடல, பாத்ரூம்லேர்ந்து தண்ணி ஊத்தற சத்தம். கூடவே சங்கரி, "அம்மா, இவங்க வீட்ல சோப்பு எங்க இருக்கு?"ன்னு கத்துது. "யாரது?" யாரு? "நம்ம பாத்ரூம்ல யாரு மாமா குளிக்கறது? பொம்பளக் குரல் கேக்குது?" அது வந்து, ஓனர் பொண்ணு, நான்தான் ஒரு பொய், அதாவது நம்ம ஊர் வழக்கம்னு, இரு இரு, அவங்க அம்மா நம்ம ஹால்லயே உட்கார்ந்திருக்காங்க, நான் வெளியதான் நிக்கறேன். எப்படிச் சொன்னாலும் ஒண்ணுக்கு ஒண்ணு மோசமா இருக்கு. வச்சுட்டா.

அதே நேரத்துல மாடியில டங்குன்னு சொம்பு சத்தம். அண்ணாச்சி ஆரம்பிச்சுட்டார். சனிக்கிழமைக் குளியல். முதுகு தேய்க்க ஆள் கீழ என் சேர்ல உட்கார்ந்திருக்கு, அதனால இன்னிக்குத் தண்ணி கூடுதல். சம்மணம் போட்டிருப்பார். மூலையில. அந்த மூலைக்குக் கீழ. அடடா, சங்கரி! கோமதியம்மா, சங்கரியை வெளிய வரச் சொல்லுங்கன்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உள்ள ஒரு அலறல். "ஐயே! அம்மா! ஐயே, என்னது இது, வழவழன்னு!" கோமதியம்மா சேரைத் தள்ளிட்டு ஓடறாங்க, தாழ் திறக்குது. நான் அந்தப் பக்கமே திரும்பல, கேட்டுக்கு வெளிய நிக்கற பூனையைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன், காது மட்டும் உள்ள இருக்கு. "அம்மா, இது அப்பா தேய்க்கற சீயக்காய்! எந் தலையெல்லாம் அப்பா குளிச்ச தண்ணி!" டொப், டொப்னு எனக்கே கேக்குது. கோமதியம்மா அண்ணாந்து பார்த்திருக்கணும், அவங்க மேலயும் விழுந்திருக்கணும், "அட எஞ் சிவனே"ங்கறாங்க. கொஞ்ச நேரத்துல சங்கரி நைட்டியும் தலையில துண்டுமா வெளிய வந்துச்சு. மசக்கையெல்லாம் எங்க போச்சோ, கண்ணு ரெண்டும் கொள்ளிக்கட்டை. "அண்ணா, எத்தன நாளா இப்படி?" போன பங்குனியிலேர்ந்தும்மா. "அதான் அண்ணி இன்னும் குழந்தையக் கொண்டு வரலையா?" ஆமாம்மா. இவ்வளவுதான் நான் பேசினது. நான் தயார் பண்ணி வச்சிருந்ததெல்லாம் இதுக்கு முன்னால என்ன. படியில நின்னு மேல பார்த்துக் கத்துது, "அப்பா! குளிக்கறத நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்லுதேன்லா!" அண்ணாச்சி தலையில பாதிச் சீயக்காயோட துண்டைக் கட்டிக்கிட்டு எட்டிப் பார்க்கறார். "எனக்குப் புள்ள பொறந்தா எங்க வச்சுக் குளிப்பாட்டுவீங்க? மேல தரை ஓட்டை, கீழ கூரை ஓட்டை. எங்க மாமியா வீட்ல ஒரு சொட்டு ஒழுகாது. நான் ஆவடிக்குப் போறேன். இடிச்சுப் பூசி, காஞ்சதுக்கப்புறம் போன் பண்ணுங்க, வாரேன்." மாமியா வீடுன்னதும் கோமதியம்மாவுக்கு முகமே செத்துப் போச்சு. நேத்துதான் சம்பந்தியம்மாகிட்ட, எங்க வீட்ல ராணி மாதிரி வச்சுப் பாப்போம்னு போன்ல சொல்லியிருந்தாங்களாம். ராணி தலையைத் துவட்டிக்கிட்டே ஆட்டோவுக்கு போன் போட்டுடுச்சு. அஞ்சு வருஷம் காத்திருந்து வந்த பொண்ணு ஒரு ராத்திரிதான் தங்குச்சு. ஆட்டோ தெருமுனை திரும்பற வரைக்கும் ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே நின்னாங்க.

"தம்பி, மேல வாங்க"ன்னார் அண்ணாச்சி. முதல் தடவையா அந்த பாத்ரூமைப் பார்க்கறேன். மூலையில பலகை. பலகையைத் தூக்கினா கீழ டைல்ஸ் நாலா வெடிச்சு, நடுவுல விரல் போற ஓட்டை. இது மேல உட்கார்ந்துதான் மனுஷன் ஒரு வருஷமா வேர்வைன்னு சொல்லிக்கிட்டிருந்தார். கையில சுத்தியலும் உளியும் வச்சுக்கிட்டு அதையே பார்க்கறார். காதுப் பக்கம் சீயக்காய் காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு, துடைக்கக்கூட இல்ல. "சனிக்கிழமை இரும்பைத் தொடலாமா?"ன்னு மெல்லக் கேட்டார், யாரைக் கேட்டார்னு தெரியல. "அவதான் போயிட்டாளே, இனிமே என்ன? அடிங்க!"ன்னு கோமதியம்மா சமையல்கட்டுலேர்ந்து அழுதுக்கிட்டே சொன்னாங்க. அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க வீட்ல அந்தப் புள்ள, ஒழுகல் நின்னாத்தான் வருவேன்னுதா?" ஆமா அண்ணாச்சி. "எத்தன நாளா?" அஞ்சு மாசமா. தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார். அவர் கண்ணு கலங்கியிருந்துச்சு, எண்ணெயாவும் இருக்கலாம். "எனக்கு ஒரு ஆட்டோ போகுதுக்குள்ளயே தாங்கல தம்பி"ன்னார். எனக்கு அவர் மேல இருந்த கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. உளியை நான் பிடிச்சுக்கிட்டேன். அவர் ஓங்கி ஒரு போடு போட்டார். டைல்ஸ் தெறிச்சு என் முழங்கால்ல பட்டுச்சு. சரி, இனிமே அவரே இங்க உட்கார்ந்து குளிக்க முடியாது, கொத்தனார் எந்த ஊருக்குப் போயிருந்தாலும் வந்தாகணும். போன் அடிக்குது. தமயந்தி, மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "யாரு குளிச்சதுன்னு இப்ப எனக்குத் தெரிஞ்சாகணும்"ங்கறா. அண்ணாச்சி ரெண்டாவது போடு போடறார், கீழ என் பாத்ரூம்ல உப்பியிருந்த சிமெண்ட் பொலபொலன்னு விழற சத்தம் கேக்குது. "என்ன மாமா அது சத்தம்?" இடிக்கறாங்க தமயந்தி. "யாரு?" அண்ணாச்சி. அவரே. அவர் கையால. நம்பமாட்டா, அதனால போனைத் தரைகிட்டக் கொண்டு போய்ப் பிடிக்கறேன். மூணாவது போடு. அங்க விருத்தாசலத்துல என் பொண்ணு திடுக்கிட்டு வீல்னு கத்துது. பயந்துடுச்சு, பாவம், இருந்தாலும் கத்தட்டும், இதை விட நல்ல சத்தத்தை நான் வேற எங்க போய்க் கேப்பேன். தமயந்தி பிள்ளையைத் தட்டிச் சமாதானம் பண்ணா. அப்புறம் போனை வாய்லேர்ந்து விலக்கி அந்தப் பக்கமாச் சொல்றது கேக்குது, "அம்மா, பரண்ல இருக்கற பொட்டியை இறக்கு."